நுரையை நம்பாதீங்க, எண்ணைப் பாருங்க: பீர், பால், நீரா எல்லாத்துக்கும் ஒரே கண்ணாடிக் குழாய்

பீளமேட்டுல இருந்து பேசறேன். இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. சிங்கப்பூர்ல இருந்து நம்மளைக் கேக்கிற ஒருத்தர் எழுதியிருந்தார்: "வீட்டுல முதல் தடவையா பீர் போட்டிருக்கேன். ஏழு நாளாச்சு. ஏர்லாக்ல குமிழி நின்னுருச்சு. பாட்டில்ல ஊத்திடலாமா?"

என் பதில்: குமிழியை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஹைட்ரோமீட்டரை எடுங்க. அதுவும் ஒரு தடவை பார்த்தா பத்தாது, குறைஞ்சது ரெண்டு தடவை பார்க்கணும். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட் முழுசும். பீர் பக்கமே போகாதவங்களும் இருங்க, பால், பேட்டரி, பொள்ளாச்சி நீரா வரைக்கும் போகப் போறோம்.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். கோயமுத்தூர்ல இருந்து கேக்கிறவங்க இதை வீட்டுல செஞ்சு பார்க்கக் கூடாது. நம்ம மாநிலத்துல மதுவிலக்குச் சட்டம் 1937-ல வந்தது. ராஜாஜி ஆட்சியில, அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி, முதல்ல அமலானது நம்ம பக்கத்து சேலம் மாவட்டத்துல. இன்னைக்கு டாஸ்மாக் இருந்தாலும், லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம்தான். "விக்கறதுக்கு இல்லீங்க, நான் குடிக்கத்தான்"னு சொன்னாலும் குற்றம்தான். பெங்களூர்ல பார்க்கிற மைக்ரோப்ரூவரி எல்லாம் லைசென்ஸ் வாங்கி நடத்தற கடைங்க.

வெளிநாட்டுல நிலைமை வேற. பிரிட்டன்ல 1963-ல இருந்து வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவுல 1978-ல கொண்டு வந்த சட்டம் வழி திறந்தது. சிங்கப்பூர்ல ஒரு குடும்பம் மாசத்துக்கு 30 லிட்டர் வரைக்கும் சொந்த உபயோகத்துக்குப் போடலாம், விக்கக் கூடாது. நான் மான்செஸ்டர்ல வேலை பார்த்தப்போ 20 லிட்டர் பக்கெட்ல போட்டுக் கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். இப்போ ஊர்ல அந்த ஹைட்ரோமீட்டர் மட்டும்தான் என்கிட்ட இருக்கு, பக்கெட் இல்லை.

முட்டைதான் முதல் ஹைட்ரோமீட்டர்

நம்ம ஊர் விவசாயிங்க விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கெட் தண்ணியில நல்ல முட்டையைப் போடுவாங்க. அது அடியில போய்ப் படுத்துக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பாங்க. முட்டை மேல வந்து, பழைய இருபத்தஞ்சு பைசா அகலத்துக்குத் தலையைக் காட்டினதும் உப்பை நிறுத்திடுவாங்க. அப்புறம் விதைநெல்லைக் கொட்டுவாங்க. பதர் மிதக்கும், மணி முழுங்கின நெல்லு அடியில போகும். நம்ம வேளாண் பல்கலைக்கழகமே சொல்லித்தர முறை இது.

1669-ல லண்டன்ல கெனெல்ம் டிக்பி எழுதின சமையல் புத்தகம் ஒண்ணு அச்சாச்சு. அதுல தேன் மது செய்யற குறிப்புகள்லயும் இதே முட்டை வருது. தேனைத் தண்ணியில கரைச்சுட்டு, முட்டையைப் போட்டு, எவ்வளவு அகலம் வெளிய தெரியுதுன்னு பார்க்கச் சொல்றார். அங்க தேன், இங்க உப்பு. கேக்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்தத் தண்ணியில எவ்வளவு கரைஞ்சிருக்கு?

ஹைட்ரோமீட்டர்ங்கிறது அளவு எழுதின முட்டை. அடியில கனம் வெச்ச கண்ணாடிக் குழாய், மேல ஒல்லியான தண்டு, தண்டுக்குள்ள எண் எழுதின காகிதம். ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான்: தன் எடைக்குச் சமமான திரவத்தை விலக்கற வரைக்கும் அது முங்கும். சர்க்கரை கரைஞ்ச திரவம் கனமா இருக்கும், அதனால கொஞ்சம் முங்கினாலே போதும், குழாய் உயரமா நிக்கும். வெறும் தண்ணியில ஆழமா முங்கும். அதனாலதான் தண்டுல சின்ன எண் மேலயும் பெரிய எண் கீழயும் இருக்கும். புதுசா வாங்கினவங்க இங்கதான் முதல்ல குழம்புவாங்க.

தண்ணிக்கு 1.000. பீர் போட காய்ச்சி எடுத்த மால்ட் சாறு 1.050-ன்னு காட்டினா, அது தண்ணியை விட 5 சதவீதம் கனம்னு அர்த்தம். பாடப் புத்தகத்துல இதுக்குப் பேரு ஒப்படர்த்தி. பீர் போடறவங்க சுருக்கமா 'கிராவிட்டி'ம்பாங்க. அந்தக் கடைசி எண்களை மட்டும் எடுத்து '50 பாயிண்ட்'னு பேசுவாங்க. பால் சொசைட்டியில லாக்டோமீட்டர் '28' காட்டுதுன்னு சொல்றாங்கல்ல, அது 1.028. ரெண்டும் ஒரே கணக்கு.

ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் விஷயம்

ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி எடுக்கிற எண் முதல் கிராவிட்டி. எல்லாம் முடிஞ்சதும் எடுக்கிறது கடைசி கிராவிட்டி. நடுவுல நடக்கறது இதுதான்: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு, எடைக்கணக்குல ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாவும் பாதியை கார்பன் டை ஆக்சைடாவும் மாத்துது. கனமான சர்க்கரை போயிடுது, தண்ணியை விட லேசான ஆல்கஹால் வந்துடுது. ரெண்டு காரணத்தாலயும் எண் இறங்குது.

கணக்கு சுலபம். முதல் எண்ல இருந்து கடைசி எண்ணைக் கழிச்சு, 131.25-ஆல பெருக்குங்க. 1.050-ல ஆரம்பிச்சு 1.010-ல முடிஞ்சா, வித்தியாசம் 0.040. பெருக்கினா 5.25. அதாவது பீர்ல கிட்டத்தட்ட 5.25 சதவீதம் ஆல்கஹால். இதே 1.070-ல ஆரம்பிச்சு 1.010-க்கு வந்தா 7.9 சதவீதம். நாக்குல வெச்சுப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. "வீட்டுல போட்டதுதானே மச்சான், லைட்டாத்தான் இருக்கும்"னு சொல்லிக் குடுக்கிற கிளாஸ்ல ஸ்ட்ராங் பீர் இருக்கலாம். குடிக்கிறவங்களுக்கு அந்த எண்ணைச் சொல்ல வேண்டியது போட்டவரோட கடமை. வண்டி ஓட்டறவங்களுக்கு நம்ம நாட்டுச் சட்டம் வெச்சிருக்கிற எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அது ரொம்பக் குறைச்சல்.

முதல் எண்ணை எடுக்காம விட்டுட்டா, கடைசி எண் 1.010-னு தெரிஞ்சும் ஆல்கஹால் எவ்வளவுன்னு கண்டுபிடிக்க முடியாது. 1.040-ல இருந்து வந்த 1.010-உம் 1.070-ல இருந்து வந்த 1.010-உம் குழாயில ஒரே மாதிரிதான் நிக்கும்.

இன்னொண்ணு. கடையில 'ஆல்கஹால் மீட்டர்'னு ஒரு குழாய் கிடைக்கும். அது காய்ச்சி வடிச்ச சரக்குக்கு, ஆல்கஹாலும் தண்ணியும் மட்டும் இருக்கிற திரவத்துக்கு. பீர்ல போட்டா மிச்சமிருக்கிற சர்க்கரை அதைத் தூக்கி நிறுத்திடும், எண் தப்பா வரும். வாங்கும்போது பார்த்து வாங்குங்க.

பாட்டில் ஏன் வெடிக்குது?

இப்போ சிங்கப்பூர் நண்பரோட கேள்விக்கு வரேன். ஏர்லாக்ல குமிழி நிக்கறதுக்கு நாலு காரணம் இருக்கு. ஈஸ்ட் வேலையை முடிச்சிருக்கலாம். மூடி சரியா அடைக்காம காத்து வேற வழியில போயிருக்கலாம். ரூம் குளிர்ந்து ஈஸ்ட் தூங்கியிருக்கலாம். இல்லைன்னா வேகம் குறைஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவா ஓடிட்டிருக்கலாம். குமிழி வர்றதும் அப்படித்தான். வேலை முடிஞ்ச பீர்கூட மத்தியான வெயில்ல சூடானா, கரைஞ்சிருந்த கேஸ் வெளிய வந்து குமிழி விடும்.

பாட்டில்ல அடைச்ச பீர்ல, ஒரு லிட்டருக்கு சுமார் 2.5 லிட்டர் கேஸ் கரைஞ்சிருக்கும். அதுக்குத்தான் பாட்டில் போடும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கறாங்க. கிராவிட்டி ஒரு பாயிண்ட் இறங்கினா, ஒரு லிட்டர் பீர்ல ஏறக்குறைய அரை லிட்டர் கேஸ் உண்டாகும். 1.010-ல நிக்க வேண்டியதை 1.020-லயே அடைச்சுட்டீங்கன்னு வெச்சுக்குங்க. மிச்சம் 10 பாயிண்ட் பாட்டிலுக்குள்ள இறங்கும். கூடுதலா 5 லிட்டர் கேஸ். நீங்க போட்ட சர்க்கரையோட கேஸ் தனி. சாதாரண பீர் பாட்டில் இவ்வளவு அழுத்தத்துக்குச் செஞ்சதே இல்லை. அலமாரியில வரிசையா நிக்கிற பாட்டில்ல ஒண்ணு வெடிச்சா, பக்கத்துல இருக்கறதும் வெடிக்கும். கண்ணாடித் துண்டு கண்ணுக்கும் கைக்கும் வரும். பார்க்கிறதுக்கு அமைதியா இருக்கிற பக்கெட்ல இவ்வளவு ஆபத்து ஒளிஞ்சிருக்கும்.

அதனால செய்ய வேண்டியது: இன்னைக்கு ஒரு ரீடிங், ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே எண்ணா இருக்கணும். அது மட்டும் பத்தாது, எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்துலயும் இருக்கணும். ஈஸ்ட் பாக்கெட்ல சர்க்கரையில எத்தனை சதவீதம் சாப்பிடும்னு போட்டிருப்பாங்க. 75 சதவீதம்னா, 50 பாயிண்ட்ல கால்வாசி மிஞ்சும், அதாவது 1.012 பக்கம் நிக்கணும். 1.025-லயே மூணு நாளா அசையாம நின்னா அது முடிஞ்ச பீர் இல்லை, நடுவுல நின்ன பீர். கொஞ்சம் சூடான இடத்துக்கு மாத்தி, அடியில படிஞ்ச ஈஸ்ட்டை மெதுவா கலக்கி விட்டுக் காத்திருங்க.

சந்தேகம் இருந்தா ஒரு வழி இருக்கு. ஆரம்பத்துலயே ஒரு டம்ளர் சாறைத் தனியா எடுத்து, ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு, சூடான இடத்துல வையுங்க. அது சீக்கிரமே ஓடி முடிச்சுடும். அது எந்த எண்ல நிக்குதோ, பெரிய பக்கெட்டும் கடைசியில அங்கதான் வரும்.

சரியா அளக்கிறது எப்படி?

முதல்ல குழாயையே சோதிக்கணும். உள்ள இருக்கிற காகிதம் நழுவியிருக்கலாம். உப்பு இல்லாத தண்ணியில போட்டா 1.000 காட்டணும். நமக்கு சிறுவாணித் தண்ணியே போதும், போர் தண்ணி வேண்டாம். ஆனா எந்த வெப்பநிலையில 1.000 காட்டணும்னு தண்டுல எழுதியிருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி, பழைய ஆங்கில அளவுன்னா 15.5 டிகிரி.

பீளமேட்டுல பகல்ல ரூமே 30 டிகிரி. 20 டிகிரிக்குச் செஞ்ச குழாய் 30-ல ரெண்டரை பாயிண்ட் குறைச்சுக் காட்டும், அதைக் கூட்டிக்கணும். கொதிச்சு இறக்கி 60 டிகிரியில இருக்கிற சாறுல போட்டா கிட்டத்தட்ட 15 பாயிண்ட் குறையும். 1.050 சாறு 1.035-னு நிக்கும், குழாயும் விரிசல் விடலாம். ஆற வெச்சு அளக்கறதுதான் நல்லது.

அடுத்தது கேஸ். பொங்கற பீர்ல குமிழி குழாயில ஒட்டிக்கிட்டு அதைத் தூக்கும், எண் அதிகமா காட்டும். இதுக்கு நம்ம வீட்டு வித்தை ஒண்ணு இருக்கு: டவரா டம்ளர்ல காபி ஆத்தற மாதிரி சாம்பிளை நாலஞ்சு தடவை ஆத்துங்க. கேஸ் போயிடும். அப்புறம் குழாயைப் போட்டு, விரலால ஒரு சுத்து சுத்தி விடுங்க. கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, தண்டு ஓரத்துல ஏறி நிக்கிற வளைவைப் பார்க்காம, தட்டையான மட்டத்துல படிங்க. அளந்த சாம்பிளைத் திரும்ப பக்கெட்ல ஊத்தாதீங்க, கிருமி போயிடும்.

சில பேர் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கறாங்க. ரெண்டு சொட்டு போதும், கரும்புக்கும் பழத்துக்கும் பயன்படுத்தறது. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி பிரமாதமா வேலை செய்யும். ஆல்கஹால் வந்ததுக்கு அப்புறம் ஒளி வேற மாதிரி வளையறதால, தனியாத் திருத்தம் போடாம அந்த எண்ணை நம்ப முடியாது.

ஒரு குழாய் பீரோட நிறத்தையே மாத்தின கதை

இங்கிலாந்துல ஜான் ரிச்சர்ட்சன்ங்கிறவர் 1784-ல பீர் காய்ச்சறதுல ஹைட்ரோமீட்டரை எப்படிப் பயன்படுத்தறதுன்னு புத்தகம் போட்டார். அதுவரைக்கும் பெரும்பாலும் கட்டை விரலும் நாக்கும்தான் அளவு. குழாய் வந்ததும் ஒரு விஷயம் அம்பலமாச்சு. கறுப்பு போர்ட்டர் பீருக்குப் போட்ட பழுப்பு மால்ட் விலை மலிவுதான், ஆனா அதுல இருந்து வர்ற சர்க்கரை வெளிர் மால்ட்டை விட ரொம்பக் குறைச்சல். காசுக்குக் கணக்குப் பார்த்தா மலிவானதுதான் நஷ்டம். மெல்ல எல்லாரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினாங்க, நிறத்துக்குத் தனியா வழி தேடினாங்க. 1880-ல பிரிட்டிஷ் அரசாங்கம் பீர் வரியையே முதல் கிராவிட்டியை வெச்சுப் போட ஆரம்பிச்சது. அதாவது அந்த எண் ஒரு கட்டத்துல வரித்துறையோட எண்ணா மாறிடுச்சு.

நம்ம ஊர்ல இந்த எண் யாருக்கு முக்கியம்?

யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வர்றவர் ரப்பர் பல்பு வெச்ச ஒரு குழாயை விடுவாரே, அதுவும் ஹைட்ரோமீட்டர்தான். சார்ஜ் நிறைஞ்ச ஆசிட் 1.280 பக்கம் இருக்கும், இறங்க இறங்க எண்ணும் இறங்கும். (அந்தக் குழாயை உணவுல விட்டுடாதீங்க.)

பால்ல இருக்கிற சிக்கல் சுவாரசியமானது. நல்ல பால் 1.028-ல இருந்து 1.032 வரைக்கும். தண்ணி கலந்தா எண் இறங்கும். ஆனா கொழுப்பு தண்ணியை விட லேசு. ஆடையை எடுத்துட்டா எண் ஏறும். ஆடையை எடுத்துட்டு அளவாத் தண்ணியும் ஊத்தினா, எண் பழையபடி 'நல்ல பால்'னு நிக்கும்! அதனாலதான் கொழுப்பையும் தனியா சோதிச்சு, ரெண்டையும் சேர்த்து விலை போடறாங்க. மாட்டுல இருந்து கறந்த சூட்டோட அளந்தா எண் குறையும், அந்தத் திருத்தத்தை விட்டுட்டா நஷ்டம் பால் ஊத்தறவங்களுக்கு.

நீரா விஷயத்துல இது இன்னும் கூர்மையாகுது. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு பக்கம் தென்னம்பாளையில இறக்கற சாறு. புதுசா இறக்கினது நீரா, புளிச்சா கள்ளு. தமிழ்நாட்டுல கள்ளுக்கு 1987-ல இருந்து தடை. அந்த உரிமை வேணும்னு கொங்கு விவசாயிங்க வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்காங்க. தென்னை நீரா இறக்க 2017-ல அனுமதி வந்தது, புளிக்கக் கூடாதுங்கிற நிபந்தனையோட. பாட்டன் காலத்துல கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தாங்க. காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பாளையிலயே பனிக்கட்டி வெச்ச பெட்டியைக் கட்டற முறையைக் கொண்டு வந்தது.

இப்போ கணக்கைப் பாருங்க. நீராவுல ஆல்கஹால் அரை சதவீதம் ஏறணும்னா கிராவிட்டி 4 பாயிண்ட் இறங்கணும். பெட்டியில இருந்து 5 டிகிரியில எடுத்து அளந்துட்டு, அதே சாறை ஈஸ்ட் தொடாமலே 30 டிகிரிக்குச் சூடாக்கி அளந்தா, வெறும் சூட்டாலயே ஏறக்குறைய 4 பாயிண்ட் இறங்கும். தெர்மாமீட்டர் இல்லாம அளக்கறவருக்கு, நல்ல நீரா கள்ளு மாதிரித் தெரியும். தலைகீழாவும் நடக்கும். சூடா இருக்கும்போது முதல் ரீடிங், குளிர வெச்சு ரெண்டாவது ரீடிங்னா, புளிச்சது நல்லது மாதிரித் தெரியும். தண்ணி ஊத்தினாலும் எண் இறங்கும். சட்டத்துக்கு முன்னாடி லேப் ரிப்போர்ட்தான் நிக்கும். ஆனா தோப்புல தன் சரக்கைத் தானே சோதிக்கிறவங்களுக்கு, ஒரே வெப்பநிலையில, நேரம் குறிச்சு எடுத்த ரெண்டு எண் போதும். நாலு பாயிண்ட் விஷயத்துல ஒருத்தரோட பிழைப்பே இருக்கு.

சிங்கப்பூர் நண்பரே, உங்களுக்குப் பதில்: ஏழாவது நாள் எடுத்த எண்ணையும் வெப்பநிலையையும் பக்கெட் மேல ஒரு துண்டு டேப்ல எழுதி ஒட்டுங்க. பத்தாவது நாள் திரும்ப எடுங்க. மாறலைன்னா, எதிர்பார்த்த இடத்துலயும் இருந்தா, பாட்டில்ல ஊத்துங்க. மாறியிருந்தா இன்னும் மூணு நாள். ஊத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொரு பாட்டில்லயும் ஆல்கஹால் சதவீதத்தை எழுதி வையுங்க, உங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு அது தெரியணும்.

அடுத்த எபிசோட்ல இட்லி மாவு ஏன் மழைக்காலத்துல பொங்க மாட்டேங்குதுன்னு பேசலாம். அதுவும் புளிக்கிற கதைதான், சட்டச் சிக்கல் இல்லாதது. கேள்விகளை அனுப்புங்க. வரட்டுங்களா?